குரல் குடியிருக்கும் இடம்

மொட்சார்ட்டின் 'டான் ஜோவான்னி'யில் திரை விலகிய சில நிமிடங்களிலேயே ஒரு கொலை நடந்துவிடுகிறது. மகளின் அலறல் கேட்டு வாளோடு ஓடிவந்த கொமெண்டத்தோரே என்ற வயோதிகப் பிரபு குத்துப்பட்டுச் சாய்கிறார். உடனே மூன்று பேர் சேர்ந்து பாடுகிறார்கள்: உயிர் போய்க்கொண்டிருக்கும் கிழவர், அவரைக் குத்திய ஜோவான்னி, இருட்டில் பதுங்கி நடுங்கும் வேலைக்காரன் லெப்பொரெல்லோ. மேலே பறந்து செல்ல ஒரு சோப்ரானோவோ டெனரோ அங்கே இல்லை. மூன்றும் தாழ்ந்த ஆண்குரல்கள். மூன்றுக்கும் ஒரே பாஸ் கிளெஃப்தான். இருந்தும், நல்ல குழுவில் கேட்கும்போது யார் பாடுகிறார் என்று ஒரு கணமும் குழப்பம் வருவதில்லை. கிழவரின் பாட்டு துண்டுதுண்டாக வருகிறது, மூச்சு தீர்ந்துகொண்டே போகிறது. ஜோவான்னியின் வரி நீண்டு மேலோங்கி நிற்கிறது. லெப்பொரெல்லோ அடியில் வேகவேகமாக முணுமுணுக்கிறான். தாழ்குரல் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுவதற்குள் எத்தனை குரல்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் இடம் ஓபராவில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

1787 அக்டோபர் 29 அன்று பிராக் நகரில் இது முதன்முதலாக மேடையேறியபோது, ஜூஸெப்பே லோல்லி என்ற ஒரே பாடகர் கொமெண்டத்தோரேயையும் பாடினார், மசெத்தோ என்ற குடியானவ மாப்பிள்ளையையும் பாடினார். இன்று பெரும்பாலான அரங்குகள் அந்த இரண்டு பாத்திரங்களுக்கும் இரண்டு பேரைத் தேடுகின்றன. கிழவருக்கு ஆழமான பாஸ், மாப்பிள்ளைக்கு இளம் பாஸ் அல்லது பாரிடோன். வியன்னாவில் இருந்த ஃபிரான்செஸ்கோ பெனூச்சியின் கதை இன்னும் தெளிவானது. 1786இல் முதல் ஃபிகாரோ அவர். 1788இல் 'டான் ஜோவான்னி' வியன்னாவுக்கு வந்தபோது லெப்பொரெல்லோ அவர். 1790இல் 'கொஸி ஃபான் துத்தே'யில் முதல் குல்யெல்மோவும் அவரே. இன்றைய ஆரியாத் தொகுப்புகளில் தேடினால் குல்யெல்மோ லிரிக் பாரிடோன் பக்கத்திலும், ஃபிகாரோ பாஸ்-பாரிடோன் பக்கத்திலும், லெப்பொரெல்லோ பாஸ் பக்கத்திலும் கிடைப்பார்கள். மூன்று வகைகள், தொண்டை ஒன்று.

இதை வைத்து வகைகள் எல்லாம் வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. மொட்சார்ட் வகைக்கு எழுதவில்லை, ஆளுக்கு எழுதினார் என்பதுதான் இதிலிருந்து தெரிவது. அந்த ஆள் போன பிறகு அவருடைய தொண்டையின் அளவு தாளில் தங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அந்த அளவுக்குப் பொருந்தும் தொண்டைகளைத் தேட வேண்டியதாயிற்று. அந்தத் தேடலுக்கு வைத்த பெயர்கள்தாம் குரல்வகைகள்.

பாரிடோன் என்ற நடுக்குரல் தனிக்காட்டு ராஜாவாக ஆனது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். வெர்டி அதற்குப் பெரிய காரணம். 1842இல் 'நபூக்கோ'வின் தலைப்புப் பாத்திரத்தைப் பாடிய ஜோர்ஜியோ ரொன்கோனி, 1847இல் முதல் மெக்பெத்தாகவும் 1851இல் முதல் ரிகொலெத்தோவாகவும் நின்ற ஃபெலிச்சே வரெஸி ஆகியோருக்கு அவர் எழுதிய வரிகளைப் பார்த்தால், உச்ச ஸ்வரம் எவ்வளவு உயரம் என்பது பெரிய விஷயமாக இல்லை. அந்த உயரத்திலேயே திரும்பத் திரும்ப நிற்கவேண்டியிருக்கிறது, அங்கேயே கோபப்பட வேண்டியிருக்கிறது, அங்கேயே கெஞ்ச வேண்டியிருக்கிறது. மரபான பாஸ் பாடகர் அந்த ஸ்வரத்தை எட்டிப் பிடித்துவிடலாம். அங்கே மூன்று மணி நேரம் வாழ முடியாது. குரலின் எல்லை வேறு, குரல் குடியிருக்கும் இடம் வேறு. இத்தாலியர்கள் இந்த இரண்டாவதை டெஸ்ஸிதூரா என்கிறார்கள். குரலை வகைப்படுத்துகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். எவ்வளவு கீழே போகிறது என்று கேட்கும் ஆசிரியர் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார்.

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் ஓபரா அரங்குகள் இந்த வகைப்பாட்டை மிக நுணுக்கமாக வளர்த்தன. ஃபாஹ் என்று அதற்குப் பெயர். அங்கே ஒவ்வோர் ஊர் அரங்கிலும் மாதச் சம்பளத்துக்குப் பாடகர் குழு உண்டு. இன்று மொட்சார்ட், நாளை வாக்னர், மறுநாள் ஓர் ஓபரெட்டா என்று நிகழ்ச்சி மாறிக்கொண்டே இருக்கும். எந்தப் பாடகர் எந்தப் பாத்திரங்களுக்குக் கடமைப்பட்டவர் என்று ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். ருடால்ஃப் க்ளோய்பர் 1951இல் வெளியிட்ட ஓபராக் கையேடு பாத்திரங்களை இந்த வகைகளின்படி பிரித்துத் தந்தது. இன்றும் திருத்திய பதிப்புகளில் புழக்கத்தில் இருக்கிறது. தாழ்குரல்களில் மட்டும் எத்தனை பிரிவு! அரசர்களையும் பூசாரிகளையும் பாடும் கம்பீர பாஸ், குணச்சித்திர பாஸ், நகைச்சுவை பாஸ், வாக்னரின் கடவுளரைப் பாடும் வீர பாரிடோன், மேட்டுக்குடிக் காதலர்களைப் பாடும் பாரிடோன், பெண்களில் நாடகத்தன்மை கொண்ட கான்ட்ரால்டோ, ஆழக் கான்ட்ரால்டோ. இந்தப் பட்டியலைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு இதன் மேல் மரியாதை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஆழ பாஸ் பாத்திரமான ஸராஸ்த்ரோவைப் பாடியவனை வெள்ளிக்கிழமை பாரிடோனுக்கு எழுதிய ரிகொலெத்தோவைப் பாடு என்று நிர்வாகம் நெருக்கும்போது, முடியாது என்று சொல்லப் பாடகனுக்கு ஒரு காகிதம் கையில் இருக்கிறது. அந்தக் காகிதம் பல தொண்டைகளைக் காத்திருக்கிறது.

தாழ்குரலுக்கு ஏன் இத்தனை காவல்? அதன் இயல்பிலேயே ஒரு நெருக்கடி இருக்கிறது. மொட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழ'லில் ஸராஸ்த்ரோ இறங்கும் கடைசிப் படி, நடு ஸி-க்குக் கீழே இரண்டாவது எஃப். குரல்நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 87 முறை அதிர்ந்தால் பிறக்கும் ஒலி அது. நம் காது இவ்வளவு தாழ்ந்த அதிர்வுகளைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளாது. அதே வட்டாரத்தில்தான் இசைக்குழுவின் செல்லோக்களும் டபுள் பாஸ்களும் பஸூன்களும் முழங்குகின்றன. ஒலிபெருக்கி இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த அரங்கில் இந்தக் குரல் எப்படிக் கேட்கிறது? ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் ஸுண்ட்பெரி என்ற ஒலியியல் ஆய்வாளர் இதற்கு விடை தந்தார். பயிற்சி பெற்ற ஆண்குரலில் அடிப்படை ஸ்வரத்துக்கு மிக மேலே, 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில், ஒலி ஆற்றல் ஒரு மேடாகத் திரள்கிறது. இசைக்குழுவின் ஆற்றல் அந்த உயரத்தில் மெலிந்துபோயிருக்கும். அந்த இடைவெளி வழியாகக் குரல் வெளியே வருகிறது. பாஸ் குரலில் இந்த மேடு டெனரைவிடச் சற்றே கீழே அமைகிறது, அவ்வளவுதான்.

ஆழமான குரலைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோவது அதில் உள்ள பிரகாசம். இளம் பாஸ்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். தங்கள் குரல் பெரியதாக, கறுத்ததாக, வயதானதாக ஒலிக்க வேண்டும் என்ற ஆசையில் நாக்கின் அடிப்பகுதியால் குரல்வளையை அழுத்திப் பிடிக்கிறார்கள். பாடுகிறவன் காதுக்குள் அது மலைபோல் ஒலிக்கும். பத்தாவது வரிசைக்கு வருவதற்குள் பஞ்சு பொதிந்ததுபோல் ஆகிவிடும். ஆசிரியர்கள் திருத்தப் பாடுபடும் பழக்கங்களில் இது முக்கியமானது. ஸராஸ்த்ரோ மாதிரியான பாத்திரத்தைச் சீக்கிரமே தூக்கிக் கொடுப்பது இந்தப் பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

ஸராஸ்த்ரோவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1791 செப்டம்பர் 30, வியன்னாவின் புறநகர் அரங்கு ஒன்று. முதல் ஸராஸ்த்ரோ ஃபிரான்ஸ் க்ஸாவர் கெர்ல். அந்த ஆண்டிலேயே மொட்சார்ட் அவருக்காக இன்னோர் ஆரியாவும் எழுதினார். துணைக்கு ஒரு டபுள் பாஸ் ஓடியோடி வாசிக்கும் அபூர்வமான பாட்டு அது. ஓபராவின் இரண்டாம் அங்கத்தில் ஐஸிஸ், ஒஸிரிஸ் தெய்வங்களை ஸராஸ்த்ரோ வேண்டும் பிரார்த்தனையில் மொட்சார்ட் வயலின்களை முற்றாக விலக்கிவிட்டார். பாஸெட் ஹார்ன், பஸூன், டிராம்போன், வியோலா, செல்லோ ஆகியவைதாம் வாசிக்கின்றன. வயலின் என்ற கூரையை எடுத்துவிட்டதால் கெர்லின் குரலுக்கு மேலே திறந்த வெளி. அந்தப் பாட்டு நடு ஸி-க்கு மேல் ஏறுவதே இல்லை. வரிகள் நீளம், வேகம் மந்தம், பின்னால் ஆண்கள் கோரஸ். தாளில் பார்த்தால் எளிதாகத் தெரியும். தொடக்க மாணவர்களுக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒளிந்துகொள்ள அங்கே ஒரு மரம் கூட இல்லை. மூச்சில் சிறு ஆட்டம் வந்தால் தெரியும், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போகையில் குரலின் நிறம் மாறினால் தெரியும். ஸவாலிஷ் நடத்திய 1972 பதிவில் குர்ட் மோல் இதைப் பாடியிருக்கிறார். இளமையில் செல்லோ வாசித்தவர் மோல். கீழே இறங்க இறங்க அவர் குரலை அழுத்துவதில்லை. வில்லின் எடையைச் சற்றே தளர்த்துவதுபோல் விட்டுவிடுகிறார். அந்த எஃப் அங்கே ஏற்கெனவே இருந்ததுபோலவும் அவர் போய்ச் சேர்ந்ததுபோலவும் கேட்கிறது.

'மாயப் புல்லாங்குழ'லுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னால், 1782இல், மொட்சார்ட் லுட்விக் ஃபிஷர் என்ற இன்னொரு பாஸுக்காக ஒஸ்மின் பாத்திரத்தை எழுதினார். துருக்கிய அரண்மனைக் காவலாளி, எந்நேரமும் கொதிக்கிறவன். ஃபிஷரின் ஆழ்ந்த ஸ்வரங்கள் பளிச்சென்று விளங்கும்படி எழுதியதாக 1781 செப்டம்பரில் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஒஸ்மின் வெற்றிக்களிப்பில் பாடும் ஆரியாவில் நடு ஸி-க்குக் கீழே இரண்டாவது டி வரை இறங்கி அங்கே நீண்ட நேரம் நிற்க வேண்டும். மறு நொடி மேலே துள்ளி ஓட வேண்டும். ஸராஸ்த்ரோ, ஒஸ்மின் இரண்டையும் ஆழ பாஸ் என்ற ஒரே பெட்டிக்குள் போடுகிறவர்கள் உண்டு. நிலைத்து நிற்கும் குரலும் துள்ளி ஓடும் குரலும் ஒரே உடம்பில் வாய்ப்பது அபூர்வம். மோலுக்கு வாய்த்தது.

சரி, எதிரில் நிற்கும் இருபது வயதுக்காரன் எந்த வகை? ரிச்சர்ட் மில்லர் 1986இல் வெளியிட்ட பாடல்நுட்ப நூல் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஒவ்வொரு குரலும் மேலே ஏறும்போது ஓரிடத்தில் தன் ஏற்பாட்டை மாற்றிக்கொள்கிறது. பஸ்ஸாஜ்ஜோ என்று அந்தத் திருப்பத்துக்குப் பெயர். மில்லரின் கணக்கில் லிரிக் டெனருக்கு இரண்டாவது திருப்பம் நடு ஸி-க்கு மேலுள்ள ஜி-யில், லிரிக் பாரிடோனுக்கு ஈ-யில், பாஸ்-பாரிடோனுக்கு டி-யில், மிக ஆழ்ந்த பாஸுக்கு நடு ஸி-யிலேயே வந்துவிடுகிறது. கீழ் ஸ்வரம் ஏமாற்றும். காலையில் தூங்கி எழுந்தவுடன் எந்த டெனரும் இரண்டு படி கீழே போவான். சளி பிடித்தால் இன்னும் ஒரு படி. திருப்பம் ஏமாற்றுவது குறைவு. அதனுடன் பேச்சுக்குரல் எங்கே தங்குகிறது, எந்தப் பகுதியில் அரை மணி நேரம் பாடியும் அயர்வு வரவில்லை, எந்த உயிரெழுத்தில் குரல் தானாகத் திறக்கிறது என்பதையெல்லாம் மாதக்கணக்கில் கேட்க வேண்டும். ஒரே அமர்வில் பெயர் சூட்டிவிடுகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

அவசரப் பெயரின் விளைவைப் பெரிய பாடகர்களின் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். டேனிஷ்காரரான லௌரிட்ஸ் மெல்க்கியோர் 1913இல் பாரிடோனாக மேடையேறினார். 1918இல் டெனராகத் திரும்பினார். பிறகு வாக்னர் டெனர் என்றாலே அவரை நினைக்கும்படி ஆனார். கார்லோ பெர்கோன்ஸி 1948இல் பாரிடோன், 1951இல் டெனர். இரண்டு பேரும் தப்பித்துக்கொண்டார்கள். பெயர் மாற்றத் துணியாமல், பொருந்தாத பாத்திரங்களில் தேய்ந்துபோனவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கலைக்களஞ்சியத்தில் பதிவு இருக்காது.

கருஸோவைப் பற்றிய ஒரு சம்பவம் இங்கே பொருத்தமானது. 1913இல் ஃபிலடெல்ஃபியாவில் 'லா போயேம்' நடந்துகொண்டிருக்கிறது. கொல்லீனே பாத்திரத்தைப் பாடிக்கொண்டிருந்த பாஸ், ஆந்த்ரேஸ் தெ ஸெகூரோலாவுக்குக் குரல் கம்மிவிட்டது. கடைசி அங்கத்தில் தன் பழைய கோட்டை அடகு வைக்கப் போகும்முன் கொல்லீனே அதற்கு விடைசொல்லும் சிறு ஆரியாவைப் பாட வழியில்லை. பக்கத்தில் நின்ற கருஸோ, உலகின் பெயர்பெற்ற டெனர், அந்தப் பாட்டைத் தானே பாடிக் கொடுத்தார். 1916இல் நண்பர்களுக்காக அதை இசைத்தட்டிலும் பாடினார். அந்தப் பதிவு இன்று கேட்கக் கிடைக்கிறது. எல்லா ஸ்வரங்களும் இருக்கின்றன, வஞ்சனையே இல்லை. இருந்தாலும் நாம் கேட்பது ஒரு மகா டெனர் தாழ்ந்து பாடுவதைத்தான். கொல்லீனேயின் கோட்டுக்குரிய கனம் அதில் இல்லை. ஸ்வரம் எட்டுவதால் மட்டும் ஒருவர் பாஸ் ஆகிவிடுவதில்லை என்பதை நிரூபிக்க வேறு சான்று வேண்டாம்.

நம் சங்கீதக் கேட்பில் ஊறியவர்களுக்கு இந்தத் தவிப்பு முழுதாக உறைக்கச் சற்று நேரமாகும். கர்நாடக இசையில் பாட்டு குரலைத் தேடி வருகிறது. பாடகர் தம் கட்டையை வைத்துக்கொள்கிறார், தம்பூராவும் வயலினும் மிருதங்கமும் அதற்குச் சேர்கின்றன. எம்.டி. ராமநாதன் அவ்வளவு தாழ்ந்த சுருதியில், அவ்வளவு நிதானத்தில் பாடினார். எந்தக் கீர்த்தனையும் அவருக்கு உயரமாகிவிடவில்லை. ஓபராவில் சுருதி எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான். ஷூபர்ட்டின் தனிப்பாடல்களைத் தாழ்குரல் பதிப்பில் வாங்கிப் பாடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஓபரா ஆரியாவைத் தேர்வு மேடையில் தாழ்த்திப் பாடினால் நடுவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. விலக்குகள் உண்டு: ரொஸ்ஸினியின் 'செவில் நாவித'னில் டான் பஸீலியோ அவதூறு பரவும் விதத்தை விவரிக்கும் ஆரியா டி-யில் எழுதப்பட்டது, மேடையில் பெரும்பாலும் ஸி-யில் பாடுகிறார்கள். இப்படி மரபே அனுமதித்தவை சில. மற்றபடி இங்கே குரல்தான் பாட்டைத் தேடிப் போக வேண்டும்.

பெண்களில் தாழ்குரலின் கதை இன்னும் வருத்தமானது. கான்ட்ரால்டோ என்ற வகையே மெல்ல மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது. அந்தத் தொண்டைகள் பிறக்காமல் போய்விடவில்லை என்றுதான் நம்புகிறேன். பயிற்சியறையில் பெயர் மாறிவிடுகிறது. ரொஸ்ஸினி தம் காலத்தில் கதாநாயகியையே கான்ட்ரால்டோவாக வைத்தார். 1813இல் 'அல்ஜியர்ஸில் ஓர் இத்தாலியப் பெண்' ஓபராவின் இஸபெல்லாவை மரியெத்தா மர்க்கொலீனிக்காகவும், 1816இல் 'செவில் நாவித'னின் ரொஸீனாவை ஜெல்த்ரூதே ரிகெத்தி-ஜோர்ஜிக்காகவும் எழுதினார். காதலிக்கவும் ஏமாற்றவும் வெல்லவும் தெரிந்த தாழ்குரல் பெண்கள். பின்னால் ரொஸீனாவைச் சோப்ரானோக்கள் எடுத்துக்கொண்டார்கள்; அவள் முதல் ஆரியாவை ஈ-யிலிருந்து எஃப்-க்கு உயர்த்திப் பாடினார்கள். வெர்டியின் காலத்துக்கு வரும்போது தாழ்குரல் பெண்ணுக்குக் கிடைப்பது குறிசொல்கிறவள், நாடோடித் தாய், செவிலி. காதலும் சம்பளமும் மேலே போய்விட்டன. இருபத்திரண்டு வயதில் இயல்பாகவே ஆழ்ந்து ஒலிக்கும் பெண்ணிடம், நீ மெஸ்ஸோ-சோப்ரானோ, மேலே வா என்று சொல்லும் ஆசிரியரைக் குற்றம் சொல்வது எளிது. அவளுக்குப் பிழைப்பு வேண்டுமே என்ற கவலையும் அதில் இருக்கிறது. ஆனாலும் குரல் குடியிருக்கும் வீட்டை விற்று வாடகை வீட்டுக்கு அனுப்பும் வேலை அது.

க்ளூக்கின் ஓர்ஃபியோ இந்தப் பெண்களுக்குப் பெரிய அடைக்கலம். 1762இல் வியன்னாவில் கஸ்த்ராதோ பாடகர் குவதான்யிக்காக எழுதப்பட்டு, 1774இல் பாரிஸில் உயர் டெனருக்காகத் திருத்தப்பட்டு, 1859இல் பெர்லியோஸ் கையால் போலின் வியார்தோவின் தாழ்குரலுக்கு வந்து சேர்ந்தது. ஒரே துயரம், மூன்று வகைக் குரல்கள். கேத்லீன் ஃபெரியர் என்ற ஆங்கிலக் கான்ட்ரால்டோ ஓபரா மேடையில் பாடியது இரண்டே பாத்திரங்கள்: இசையமைப்பாளர் பிரிட்டனின் லுக்ரீஷியா, க்ளூக்கின் ஓர்ஃபியோ. தொலைபேசி நிலையத்தில் வேலைபார்த்துவிட்டுப் பாட வந்தவர். தம் குரலுக்கு எது வீடு என்று தெரிந்தவர். அழைப்புகளுக்குப் பஞ்சமில்லாதபோதும் வேறு பாத்திரங்களுக்குப் பரபரக்கவில்லை. 1953 பிப்ரவரியில் லண்டன் கோவென்ட் கார்டனில் ஓர்ஃபியோவின் இரண்டாம் நாள், புற்றுநோய் சிகிச்சையால் நலிந்திருந்த அவருடைய தொடையெலும்பு மேடையிலேயே முறிந்தது. நின்ற இடத்திலிருந்தே கடைசிவரை பாடி முடித்தார். அதுவே அவருடைய கடைசி மேடை. அந்த அக்டோபரில் 41 வயதில் இறந்தார்.

மரியன் ஆண்டர்சனுக்கு வீடு எது என்று உலகத்துக்கே தெரிந்திருந்தது, கதவுதான் திறக்கவில்லை. 1939 ஏப்ரலில் வாஷிங்டனில் அரங்கம் மறுக்கப்பட்டு, லிங்கன் நினைவிடத்தின் படிகளில் 75,000 பேர் முன்னால் பாடியவர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அவரை அழைத்தது 1955 ஜனவரி 7 அன்று, 57ஆம் வயதில், வெர்டியின் குறிசொல்கிறவளான உல்ரிகாவாக. அங்கே தனிப் பாத்திரம் ஏற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அந்தக் குரல் உச்சத்தில் இருந்த முப்பதுகளில் அந்த மேடையில் எந்த க்ளூக்கை, எந்த ரொஸ்ஸினியைப் பாடியிருக்கும் என்று நினைக்கும்போது கோபம் அடங்குவதில்லை.

இனி ஆரியாத் தேர்வு. இளம் கான்ட்ரால்டோவுக்கு ஓர்ஃபியோவின் புலம்பலும் ஹாண்டெல் கஸ்த்ராதோக்களுக்கு எழுதிய நாயகப் பாத்திரங்களும் முதல் நிலம். வரி சீராக, இசைக்குழு மெல்லியதாக, இடம் நடுவில் இருக்கும். ஆங்கிலத்தில் வேண்டுமானால் ஸாமுவல் பார்பரின் 'வனெஸ்ஸா'வில் எரிகா பாடும் குளிர்காலப் பாட்டு; இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், இளம்பெண்ணின் மனநிலையே அது, வேஷம் போட வேண்டாம். உல்ரிகாவும் 'இல் த்ரொவாத்தோரே'யின் அஸுசேனாவும் முப்பதுக்குப் பிறகு. கனத்த இசைக்குழுவின் மேல் கீழ்க்குரலை நெஞ்சிலிருந்து இடித்துப் பாடப் பழகிய இளம்பெண்ணின் நடுக்குரலில் சீக்கிரமே ஓட்டை விழும்.

பாஸுக்கு நான் முதலில் வைப்பது கொல்லீனேயின் கோட்டுதான். சின்னது, பேச்சுக்கு அருகில் இருப்பது, இளைஞன் பாட வேண்டிய இளைஞனின் பாட்டு. அடுத்து ஹாண்டெலில் ஏதாவதொன்று. 1733இல் மொந்தன்யானாவுக்காக எழுதிய ஸொரொவாஸ்த்ரோவின் புயல் ஆரியா தாழ்குரலுக்கும் ஓடத் தெரியும் என்று கற்றுக்கொடுக்கும். ஃபிகாரோவில்தான் கவனம் வேண்டும். கெருபீனோவைப் பட்டாளத்துக்கு வழியனுப்பும் அந்தப் புகழ்பெற்ற பாட்டு எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் பாட ஆசைப்படுவார்கள். அது நடு ஸி-யையும் அதற்கு மேலுள்ள ஈ-யையும் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. பாஸ்-பாரிடோனுக்கு அது உற்சாகமான மேடு. உண்மையான ஆழ பாஸுக்கோ அது சரியாகத் திருப்பத்தின் மேலேயே கட்டிய வீடு. மூன்றாவது நிமிடத்தில் கழுத்து நரம்பு புடைக்கும். அவனுக்கு ஸராஸ்த்ரோ, ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் மூச்சுப் பயிற்சிக்குப் பிறகு.

'டான் கார்லோஸ்' அரசன் ஃபிலிப்பின் ஆரியாவை இளைஞர்களிடமிருந்து தள்ளியே வைக்க வேண்டும். 1867இல் பாரிஸில் அரங்கேறிய ஓபரா. விடியும் நேரம், மெழுகுவர்த்திகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன, தனிச் செல்லோ ஒன்று அழ, மனைவி தன்னை ஒருபோதும் நேசித்ததில்லை என்பதை அரசன் தனக்கே சொல்லிக்கொள்கிறான். தாழ்குரலுக்கு எழுதப்பட்டவற்றில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பேன். அந்த ஆழத்தைக் குரல் தானாகத் தராவிட்டால் பாடகன் அதைச் செய்து காட்டத் தொடங்குவான். செய்து காட்டத் தொடங்கியதும் நாக்கு தொண்டையை அழுத்தும். அடுத்த காட்சியில் தொண்ணூறு வயதுக் குருடரான தலைமை விசாரணை அதிகாரி வந்து அதே அரசனோடு மோதுகிறார், பாஸுக்கு எதிரே பாஸ். ஸோல்ட்டி நடத்திய 1965 பதிவில் ஃபிலிப் நிக்கோலாய் கியாவ்ரோவ், அதிகாரி மார்த்தி தல்வேலா. தல்வேலாவுக்கு அப்போது முப்பது வயது. அப்படியொரு தொண்டை வாய்த்தவனை விதி தடுக்கக்கூடாதுதான். ஆனால் அப்படிப்பட்டவர் ஒரு தலைமுறைக்கு ஓரிருவர்.

முதிர்ந்த மனிதரின் பாட்டு ஒன்றை இளைஞனுக்குத் தர வேண்டுமென்றால் சைக்கோவ்ஸ்கியின் 'யெவ்கேனி ஒனேகின்' இருக்கிறது. போர்முனைகளைக் கண்டு நரைத்த இளவரசர் கிரேமின் கடைசி அங்கத்தில் வந்து, தன் மனைவி தத்யானாவின் மேல் தனக்குள்ள அன்பைச் சொல்கிறார். ஓபரா முழுவதிலும் அவருக்கு அந்த ஒரே ஆரியாதான். நேராக நடக்கும் மெட்டு; இசைக்குழு குரலைத் தாங்குகிறது, மேலே ஏறி மூடுவதில்லை. பாட்டு பெரும்பாலும் குரலின் நடுவிலேயே தங்கி, முடிவில் மட்டும் நடு ஸி-க்குக் கீழே இரண்டாவது ஜி ஃபிளாட்டுக்கு இறங்குகிறது. அந்த ஸ்வரம் சன்னமாக வந்தாலும் பாட்டு கெடாது. 1879இல் மாஸ்கோவில் முதல் அரங்கேற்றத்துக்குச் சைக்கோவ்ஸ்கி பெரிய அரங்கின் தேர்ந்த பாடகர்களைக் கேட்கவில்லை. மேடைத் தழும்பேறாத குரல்கள் வேண்டும் என்று இசைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார். நரைத்த அந்தப் படைத்தலைவரை முதலில் பாடியவனும் ஒரு மாணவன்.